தரவையில் மரம் நடவேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

யூன் 5, சுற்றாடல் தினம் நெருங்கினால் மன்னார்ப் பக்கம் மரக்கன்றுகளோடு ஆட்கள் வந்துவிடுவார்கள். வரட்டும், நல்ல காரியம்தான். ஆனால் குளக்கட்டு, பாடசாலை வளவு, வீதியோரம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, "இது சும்மா கிடக்கிற வெட்டைதானே" என்று தரவையில், அதாவது மரமில்லாத உவர் வெளியில், போய்க் குழி தோண்டுகிறார்களே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

வங்காலை, விடத்தல்தீவுப் பக்கத்து உவர் நிலம் இலங்கையிலேயே மிக வறண்ட பகுதிகளில் ஒன்று. மாரியில் தண்ணீர் நிற்கும், சோளகம் வீசத் தொடங்கினால் வெடித்து வெளுத்துவிடும். பார்க்கிறவருக்குப் பாலைவனம். ஆனால் உப்புக்கொத்தி, ஆட்காட்டி, சிற்றாலா போன்ற பறவைகள் எல்லாம் முட்டையிடுவது அந்த வெறும் மண்ணில்தான். கூடு என்று பெரிதாக ஒன்றுமில்லை, காலால் கிளறிய சின்னப் பள்ளம், சில வேளை சுற்றிவரக் கொஞ்சம் சிப்பித் துண்டு, அவ்வளவுதான். முட்டையும் மண் நிறம் என்பதால் மிதித்த பிறகுதான் தெரியும். மத்தியான வெயிலில் இந்தப் பறவைகள் முட்டைக்கு நிழல் பிடித்துக்கொண்டு நிற்கும்; வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்து வந்து முட்டையைக் குளிரவைப்பதும் உண்டு. அந்த நேரம் பத்துப் பேர் மண்வெட்டியோடு பக்கத்தில் நின்றால் என்ன ஆகும்? உப்புக்கொத்தி சிறகொடிந்த மாதிரி நடித்து எங்களைத் தூர இழுத்துப் போகப் பார்க்கும், நாங்கள் கைபேசியில் படம் எடுத்துச் சிரிப்போம், அதற்குள் முட்டை வெயிலில் வெந்துவிடும்.

சரி, நட்ட கன்றாவது தப்புமா? ஆனி மாதத்து மன்னாரில், உவர் மண்ணில், தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல்? தப்பினால் இன்னும் மோசம். எதிரி தூரத்தில் வரும்போதே தெரியவேண்டும் என்றுதான் இவை வெட்டையைத் தேடுகின்றன. மரம் வந்தால் காகம் அதில் உட்கார்ந்து கூட்டைத் தேடும். அம்பாந்தோட்டைப் பக்கம் உவர் நிலத்தைத் திருத்தவென்று 1950களில் கொண்டுவந்த சீமைக்கருவேலம் புந்தல தேசியப் பூங்காவில் பரவி இன்றைக்கும் வெட்டித் தீராத தலையிடியாக நிற்கிறது.

இன்னொரு விடயம். உப்புக்கொத்தியில் ஒன்றை வெளிநாட்டிலிருந்து வந்துபோகும் இனத்தின் கிளை என்றே கனகாலம் எழுதிவந்தார்கள். மரபணுவை ஆராய்ந்து, அது தனி இனம் என்று 2023இல் சொன்னார்கள். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் மட்டுமே முட்டையிடும் அதற்கு அனுமன் உப்புக்கொத்தி என்று பெயர். இராமர் அணையின் இரண்டு கரையிலும் வாழ்வதற்குப் பொருத்தமான பெயர்தான். ஆனால் மன்னார்ப் பறவை என்றால் இங்கே எல்லோருக்கும் பூநாரைதான். மாரியில் வாகனம் வாகனமாக வந்து பார்க்கிறோம், மன்னாரில் காற்றாலை அமைப்பது பற்றிய சண்டையிலும் வலசைப் பறவைகளின் பேச்சுத்தான் பெரிதாகக் கேட்கிறது. விருந்தாளிக்கு மாலை போட்டுவிட்டு வீட்டுக்காரரை மிதித்துக்கொண்டு போவது எந்த ஊர் வழக்கம் என்று தெரியவில்லை. வங்காலை 2008இல் சரணாலயமானது, 2010இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ரம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. பட்டியல் கிடக்கட்டும், குறுக்குவழி என்று தரவைக்குள்ளால் உழவு இயந்திரமும் மோட்டார் சைக்கிளும் ஓடுவதை யார் மறிப்பது? சுண்டிக்குளம், நாயாறுப் பக்கத்து ஆட்களும் தங்கள் கரையை ஒருமுறை போய்ப் பார்க்கலாம்.

ஏற்பாட்டாளர்களிடம் கேட்பது இதுதான். மரநடுகையை ஐப்பசி மழைக்குத் தள்ளிவையுங்கள், இடத்தை ஊருக்குள் பாருங்கள், வேம்பு, மருது, புளி எது வேண்டுமானாலும் நடுங்கள், நாங்களும் வந்து குழி வெட்டித் தருகிறோம். யூன் 5இல் ஏதாவது செய்தே ஆகவேண்டுமென்றால் மீன் வாடிகளைச் சுற்றிக் கிடக்கும் மீன் கழிவை அள்ளிப் புதைக்கலாம். தெருநாயையும் காகத்தையும் தரவைப் பக்கம் இழுத்து வருவது அதுதான்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
நானாட்டான்.