கேட்டுவிட்டுத் தோண்டுவது

தஞ்சாவூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சேதுராமனுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரங்கள் ஆகிவிட்டன. முழங்கால் வலியைக் காரணமாகச் சொல்லலாம் என்றாலும், உண்மையில் என்னைத் தாமதிக்க வைத்தது நீ கடைசியில் எழுதியிருந்த ஒரு வரிதான். தென் அமெரிக்காவில் உள்ள எக்வடாரில் பழங்குடி மக்கள் எண்ணெய்க் கிணறுகளை எதிர்ப்பதைப் பற்றி நான் முன்பு எழுதியதற்கு, "கடனில் தத்தளிக்கும் நாடு காட்டுக்கடியில் எண்ணெயை வைத்துக்கொண்டு பட்டினி கிடக்க வேண்டுமா? ஊரைக் கேட்டுவிட்டுத் தோண்டினால் போயிற்று" என்று பதில் எழுதியிருந்தாய். முப்பது ஆண்டுகள் எண்ணெய் தேடும் குழுக்களோடு அலைந்தவன் சொல்வதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. ஆகவே அந்தக் "கேட்டுவிட்டு" என்ற சொல் எங்கே போய் நிற்கிறது என்று தேடிப் படித்துக்கொண்டிருந்தேன்.

சராயாகு என்ற ஊரிலிருந்து தொடங்குகிறேன். பாஸ்தாசா மாகாணத்தில் பொபொனாசா ஆற்றங்கரையில் கிச்வா மக்கள் ஏறத்தாழ 1,200 பேர் வாழும் இடம் அது. 1996-இல் எக்வடார் அரசு 23-ஆம் எண்ணெய்த் தொகுதி என்று பெயரிட்டு, 2,00,000 ஹெக்டேர் காட்டை அர்ஜென்டினா நிறுவனம் ஒன்று இடம்பெற்ற கூட்டமைப்புக்கு ஒப்பந்தத்தில் கொடுத்தது. அதில் பெரும்பகுதி சராயாகுவின் நிலம். ஒப்பந்தம் கையெழுத்தானபோது யாரும் அவர்களைக் கேட்கவில்லை. பிறகு நிறுவனம் தானே கேட்க வந்தது. 2000-ஆம் ஆண்டில் வளர்ச்சிப் பணிகளுக்கு 60,000 டாலரும் ஆண்களுக்கு 500 வேலைகளும் தருவதாகச் சொன்னது. ஊர்ச்சபை கூடி வேண்டாம் என்றது. அடுத்த ஆண்டு மருத்துவ முகாம் ஒன்று வந்தது. சிகிச்சை பெற வந்தவர்கள் ஒரு தாளில் பெயரெழுதிக் கையொப்பமிட வேண்டும் என்றார்கள். அந்தத் தாள் பின்னர் நிறுவனத்துக்கு ஆதரவு தெரிவிக்கும் கடிதமாக மாறிவிட்டது. இது பிற்பாடு வந்த நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. காய்ச்சலுக்கு மாத்திரை வாங்கப் போட்ட கையெழுத்து காட்டைத் தோண்டச் சம்மதமாகிப் போவதை என்னவென்று சொல்வது?

நீ 1988-இல் எனக்குக் கொடுத்த ஜியோபோன் இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. ஆரஞ்சு நிறம் வெளுத்து, அடியில் உள்ள கூர்முனை துருவேறி, இந்தத் தாள்கள் காற்றில் பறக்காமல் அழுத்திக்கொண்டிருக்கிறது. துளையிட்டு வெடி வைத்து, பாறை அடுக்குகளில் பட்டுத் திரும்பும் அதிர்வை இது எப்படிக் கேட்கிறது என்று வயல் வரப்பில் உட்கார்ந்து நீ விளக்கியது நினைவிருக்கிறதா? அதே வேலைதான் 2002 இறுதியில் சராயாகு காட்டுக்குள் ராணுவக் காவலோடு தொடங்கியது. ஊர்மக்கள் அவசரநிலை அறிவித்துவிட்டுப் பள்ளியையும் விதைப்பையும் நிறுத்தினார்கள். எல்லையோரக் காட்டுக்குள் முகாம்கள் அமைத்து, பிள்ளைகளோடும் கிழவிகளோடும் மாதக்கணக்கில் காவல் இருந்தார்கள். "அமைதிக்கும் வாழ்வுக்குமான முகாம்கள்" என்று அவற்றுக்குப் பெயர். மரவள்ளித் தோட்டங்கள் கவனிப்பாரற்றுக் கிடந்ததால் சாப்பாட்டுக்குக் காட்டையே நம்ப வேண்டியதாயிற்று. நிறுவனம் வேலையை நிறுத்துவதற்குள் 467 துளைகள் போடப்பட்டிருந்தன. நீங்கள் ஷாட் ஹோல் என்று சொல்வீர்களே, அவைதான். சுமார் 1,433 கிலோ பென்டோலைட் என்ற வெடிமருந்து அவர்களுடைய நிலத்தில் விடப்பட்டது. 2003-இல் பிங்குல்யு என்ற இடத்தில் லிஸ்புங்கோ என்றொரு மரத்தை வெட்டினார்கள். அது ஊர் வைத்தியர் ஒருவருக்குக் குருவைப் போன்ற மரம். மரம் போனதும் மருந்துக்கான தன் ஆற்றலும் போயிற்று என்பதே அவருடைய துயரம். இழப்பீட்டுப் பட்டியலில் அதை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவார்கள் என்று யோசித்துப் பார்.

வழக்கு அமெரிக்க நாடுகளுக்கிடையேயான மனித உரிமை நீதிமன்றம் வரை போயிற்று. 2012 ஏப்ரலில் அதன் நீதிபதிகள் சிலர் சராயாகுவுக்கே வந்து ஊரார் பேசுவதைக் கேட்டார்கள். அந்த நீதிமன்றத்தின் வரலாற்றில் அப்படி நேரில் வந்தது அதுவே முதல் முறை. அங்கேயே, ஊர் மக்கள் முன்னிலையில், அரசின் பிரதிநிதி பொறுப்பை ஒப்புக்கொண்டார். ஜூன் மாதம் வந்த தீர்ப்பு, மக்களைக் கலந்தாலோசிக்காதது உரிமை மீறல் என்றும், பணம், வேலை, மருத்துவ முகாம் என்று நிறுவனம் செய்தவை கலந்தாலோசனை ஆகாது என்றும் சொன்னது.

தமிழில் "கேள்" என்றால் வினவுவதும் அதுதான், செவிசாய்ப்பதும் அதுதான். எக்வடாரின் அரசமைப்புச் சட்டத்தில் இந்த வசதி இல்லை போலும். 2008-இல் எழுதப்பட்ட அந்தச் சட்டம் இயற்கைக்கே உரிமை உண்டு என்று உலகத்தில் முதன்முதலாகச் சொன்ன பெருமை உடையது. பழங்குடிகளை முன்கூட்டியே கலந்தாலோசிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஆனால் அவர்கள் சம்மதிக்காவிட்டால் சட்டப்படி மேற்கொண்டு நடக்கலாம் என்று ஒரு வாசலையும் திறந்து வைத்திருக்கிறது. கேட்க வேண்டியது கடமை, வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டிய கட்டாயம் இல்லை. உன்னுடைய "கேட்டுவிட்டு" இந்த வாசலில்தான் நிற்கிறது, சேது.

வாவோரானி என்ற இன்னொரு பழங்குடி மக்களின் கதையும் இதைத்தான் காட்டுகிறது. 2012-இல் அதிகாரிகள் அவர்களுடைய ஊர்களுக்குச் சென்று பேசிவிட்டுக் கலந்தாலோசனை முடிந்தது என்று எழுதிக்கொண்டார்கள்; வந்தவர்கள் என்ன சொன்னார்கள் என்பதே மூப்பர்கள் பலருக்கு விளங்கவில்லை. 2019 பிப்ரவரியில் பாஸ்தாசா வாவோரானிகள் வழக்குத் தொடுத்தார்கள். புயோ நகரத்து நீதிமன்றத்தில் சரியான மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே விசாரணை தொடங்கியபோது, மூத்த பெண்கள் எழுந்து பாடத் தொடங்கினார்கள். வழக்கறிஞர்களின் குரல் எடுபடாமல் போய் விசாரணையை ஒத்திவைக்க வேண்டியதாயிற்று. ஏப்ரல் 26 அன்று அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. சுமார் 1,80,000 ஹெக்டேர் காடு எண்ணெய் நிறுவனங்களுக்கான ஏலத்திலிருந்து தப்பியது. அவர்களுடைய தலைவி நெமோந்தே நென்கிமோவுக்கு அடுத்த ஆண்டு சுற்றுச்சூழலுக்கான கோல்ட்மன் விருது கிடைத்தது. ஆனால் தீர்ப்பு ரத்து செய்தது அந்தப் பழைய கலந்தாலோசனையைத்தான். முறையாக மறுபடி கேட்க அரசுக்குத் தடை ஏதும் இல்லை.

வழக்குக்கு முன்பே அவர்கள் ஜி.பி.எஸ். கருவியோடு காடெல்லாம் நடந்து தங்கள் நிலத்துக்கு வரைபடம் தயாரித்திருந்தார்கள். எண்ணெய்த் தொகுதி வரைபடத்தில் இந்த இடத்தில் எண் போட்ட ஒரு கட்டம் மட்டுமே இருக்கும். இவர்களுடையதில் ஓடைகள், மூலிகை கிடைக்கும் இடங்கள், விலங்குகள் உப்புமண் தின்ன வரும் இடங்கள், பழைய போர்கள் நடந்த இடங்கள் எல்லாம் குறிக்கப்பட்டிருக்கின்றன. வடக்கே லாகோ அக்ரியோவில் 1967-இல் எண்ணெய் கண்டபோது அங்கிருந்த கோஃபான் பழங்குடி மக்களிடம் இப்படியொரு வரைபடம் கிடையாது. எண்ணெயோடு மேலே வரும் உப்புநீரை ஓடைகளில் விட்டதும், கழிவைத் திறந்த குழிகளில் தேக்கியதும் அங்கேதான். தெற்கே உள்ளவர்கள் வேண்டாம் என்று சொல்வது வடக்கைப் பார்த்துவிட்டுத்தான்.

கடனைப் பற்றிய உன் கேள்வியை நான் மறக்கவில்லை. யாசுனி தேசியப் பூங்காவில் 84.6 கோடி பீப்பாய் எண்ணெயைத் தோண்டாமல் விட்டுவிடுகிறோம், அதன் மதிப்பில் பாதியான 360 கோடி டாலரை உலகம் கொடுக்கட்டும் என்று 2007-இல் அதிபர் ரஃபேல் கொரேயா கேட்டுப் பார்த்தார். கைக்கு வந்தது அதில் ஒரு சதவீதம்கூட இல்லை. 2013-இல் திட்டத்தைக் கைவிட்டார்; 2016-இல் தோண்டத் தொடங்கினார்கள். பத்தாண்டு சட்டப் போராட்டத்துக்குப் பின், 2023 ஆகஸ்ட் 20-இல் நாடு முழுவதும் நடந்த வாக்கெடுப்பில் ஏறத்தாழ 59 சதவீதம் பேர் எண்ணெயை மண்ணிலேயே விடச் சொன்னார்கள். இதில் உனக்குச் சாதகமான செய்தி ஒன்றும் உண்டு. யாசுனியின் எண்ணெய் வயல்கள் இருக்கும் ஒரெயானா மாகாணத்தில் பெரும்பான்மையினர் தோண்டுவதையே ஆதரித்தார்கள். வாவோரானிகளிலும் சிலர் அந்தப் பக்கம் இருந்தார்கள். சாலை, பள்ளி, மருத்துவமனை எல்லாம் எண்ணெய்ப் பணத்தில்தான் வரும் என்று அரை நூற்றாண்டாகச் சொல்லி வைத்த இடத்தில் வேறு பதில் வருவது கடினம் என்பது என் எண்ணம். அதற்காக அவர்கள் பேச்சைத் தள்ளிவிட முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அதே யாசுனிக்குள் தகாயெரி, தரோமெனானே என்ற இரு கூட்டத்தார் வெளியுலகத் தொடர்பே வேண்டாம் என்று வாழ்கிறார்கள். பாதையில் ஈட்டிகளைக் குறுக்கே வைத்துவிட்டுப் போவது அவர்களுடைய அறிவிப்பு. அவர்களிடம் யார் போய்க் கேட்பது? அவர்களின் உரிமைகளை எக்வடார் மீறியது என்று, சராயாகு வழக்கை விசாரித்த அதே மனித உரிமை நீதிமன்றம் கூறிய தீர்ப்பு 2025 மார்ச்சில் வெளியானது.

இப்போது உன்னிடம் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். சராயாகுவில் தரைமட்டத்தில் கிடந்த வெடிமருந்தைத்தான் ஓரளவு எடுத்தார்கள். 2012 தீர்ப்பு வந்தபோதும் 1,400 கிலோ அளவுக்கு ஆழத்திலேயே இருந்தது. மழைக்காட்டு மண், ஆண்டு முழுவதும் ஈரம். வெடிக்காமல் போன துளைகளை நீங்கள் என்ன செய்வீர்கள்? இத்தனை ஆண்டுகளுக்குப் பின் அந்த மருந்து செத்துவிடுமா, இல்லை அதன்மேல் ஒருவர் மரவள்ளி நடக் குழி தோண்டினால் ஆபத்தா? விவரமாக எழுது. மீனாட்சிக்கு என் அன்பைச் சொல்.

உன்
கலியபெருமாள்