அமெரிக்கத் தமிழ்ச் சங்க நிர்வாகிகளுக்கு: மெடிகேர் கூட்டத்தை அக்டோபருக்கென்று ஒதுக்காதீர்கள்

மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கு,

65 வயது நிறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் பற்றி ஒரு கூட்டம் போடலாம் என்று சங்கத்தில் யாராவது சொன்னால், பேச்சு உடனே இலையுதிர் காலத்துக்குப் போய்விடும். அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை தொலைக்காட்சியிலும் தபாலிலும் விளம்பரம் கொட்டுவதுதான் காரணம். அந்தக் காலம், தனியார் நிறுவனங்கள் வழியாக மெடிகேரைப் பெறும் அட்வான்டேஜ் திட்டங்களுக்கும் பார்ட் டி மருந்துக் காப்பீட்டுக்கும் உரியது. மெடிகேப் எனப்படும் துணைக் காப்பீட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. இந்தக் குழப்பத்தால் 66, 67 வயதில் வந்து கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் கதவு சாத்தியாகிவிட்டிருக்கும்.

மெடிகேப் வாங்கக் கிடைப்பது ஆறே மாதம். உங்களுக்கு 65 நிறைந்து, பார்ட் பியும் (டாக்டர், வெளிநோயாளர் செலவுக்கான மெடிகேர் பிரிவு) நடைமுறைக்கு வந்த மாதத்தின் முதல் தேதியில் அது தொடங்குகிறது. அந்த ஆறு மாதத்துக்குள் சர்க்கரை, ஸ்டென்ட், புற்றுநோய் எதைக் காட்டியும் நிறுவனம் மறுக்கவோ பிரீமியத்தைக் கூட்டவோ முடியாது. அதன் பிறகு பெரும்பாலான மாநிலங்களில் உடல்நலக் கேள்வித்தாள் வரும், மறுக்கவும் செய்யலாம். நியூயார்க், கனெக்டிகட் போன்ற சில மாநிலங்கள் மட்டும் எப்போதும் கதவைத் திறந்து வைத்திருக்கின்றன.

துணைக் காப்பீடு ஏன் வேண்டும்? வெளிநோயாளர் சிகிச்சையில் பார்ட் பி 80 சதவீதம் தருகிறது. மீதி 20 சதவீதம் நம் தலையில். அதற்கு உச்சவரம்பே கிடையாது; கீமோதெரபி நீண்டால் அந்த 20 சதவீதமே சேமிப்பைத் தின்றுவிடும்.

65க்குப் பிறகும் வேலையில் இருப்பவர்களுக்கு இதில் தனிச் சிக்கல் உண்டு. 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனத்தின் காப்பீடு இருந்தால் பார்ட் பியை அபராதமின்றித் தள்ளிப்போடலாம். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று முன்பே எடுத்தால் அந்த ஆறு மாதக் கடிகாரம் ஓடித் தீர்ந்துவிடும். வேலையை விட்டபின் பார்ட் பி எடுக்க 8 மாத அவகாசம் உண்டு. வேலையை விட்டபின் பழைய நிறுவனக் காப்பீட்டையே சொந்தச் செலவில் தொடரும் கோப்ரா காப்பீடு கையில் இருந்தாலும் அந்த அவகாசம் நீளாது. இன்னொன்று: 65க்குப் பின் பார்ட் ஏவுக்கு (மருத்துவமனைச் செலவுக்கான பிரிவு) விண்ணப்பித்தால் அது ஆறு மாதம் வரை பின்தேதியிட்டு வரும். எனவே எச்.எஸ்.ஏ. எனும் வரிச்சலுகையுள்ள மருத்துவச் சேமிப்புக் கணக்கில் பணம் போடுவதை அதற்கு முன்னரே நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் வரிச் சிக்கல்.

எந்தத் திட்டம் என்ற கேள்விக்கு உறுப்பினர்கள் அளவுக்கு மீறிக் கவலைப்படுகிறார்கள். மெடிகேப் திட்டங்களுக்கு ஆங்கில எழுத்துகளே பெயர்; பிளான் ஜி எந்த நிறுவனத்தில் வாங்கினாலும் சலுகைகள் ஒன்றுதான். சட்டமே அப்படி வகுத்திருக்கிறது (மாசசூசெட்ஸ், மினசோட்டா, விஸ்கான்சின் மட்டும் தனி வகை). 2020 முதல் புதிதாகத் தகுதி பெறுவோருக்கு சி, எஃப் இல்லை. அதனால் போட்டி பெரும்பாலும் ஜிக்கும் என்னுக்கும்தான். ஜியில் பார்ட் பியின் ஆண்டுக் கழிவுத்தொகை (காப்பீடு தரத் தொடங்குமுன் நாம் கட்டுவது) மட்டும் உங்களுடையது. 2025-ல் அது 257 டாலராக இருந்தது. பிளான் என்னில் அதோடு டாக்டரைப் பார்க்க 20 டாலர் வரை, உள்நோயாளியாகச் சேர்க்கப்படாத அவசரப் பிரிவு வருகைக்கு 50 டாலர் வரை. மெடிகேர் விலையை ஏற்காத டாக்டர் கூடுதலாகக் கேட்கும் 15 சதவீதம் வரையிலான தொகையும் உங்களுடையது. ஆண்டுக்குப் பத்து முறை டாக்டரிடம் போனால் அதிகபட்சம் 200 டாலர். இரண்டு திட்டங்களின் பிரீமிய வித்தியாசத்தை அதோடு ஒப்பிட்டாலே விடை கிடைக்கும்.

உண்மையில் கேட்க வேண்டியது வேறு: பிரீமியம் எப்படி ஏறும்? வயது ஏற ஏறக் கூட்டும் முறையில் 65-ல் மலிவாகத் தெரிவது 78-ல் கசக்கும். எல்லா வயதினருக்கும் ஒரே விலை வைக்கும் முறையும், வாங்கும்போதுள்ள வயதை வைத்து நிர்ணயிக்கும் முறையும் உண்டு. கடந்த ஐந்து ஆண்டு ஏற்றத்தை எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள்.

நம்மவர்கள் ஊருக்குப் போய் மாதக்கணக்கில் தங்குபவர்கள். மெடிகேர் இந்தியாவில் செல்லாது. ஜியும் என்னும் பயணத்தின் முதல் 60 நாளில் தொடங்கும் அவசர சிகிச்சைக்கு மட்டும், 250 டாலர் கழித்து 80 சதவீதம் தரும். வாழ்நாள் உச்சவரம்பு 50,000 டாலர். மூன்றாவது மாதம் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் ஒன்றும் வராது. பயணக் காப்பீடு தனியாக வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் அட்வான்டேஜ் திட்டத்தின் சேவைப் பகுதியில் இல்லாவிட்டால் பொதுவாகத் திட்டத்திலிருந்தே நீக்கிவிடுவார்கள்.

அட்வான்டேஜ் யாருக்கும் வேண்டாம் என்பதல்ல எங்கள் பேச்சு. அதில் ஆண்டுச் செலவுக்கு உச்சவரம்பு இருக்கிறது. ஆனால் மெடிகேப்பையும் அதையும் சேர்த்துப் பயன்படுத்த முடியாது. 65-ல் முதன்முதலாக அதில் சேர்ந்தவர் 12 மாதத்துக்குள் திரும்பினால் கேள்வித்தாள் இன்றி மெடிகேப் வாங்கலாம். இந்த உரிமையைப் பலர் அறியவே இல்லை.

ஆகவே எங்கள் வேண்டுகோள்: உறுப்பினர் பட்டியலில் 64 வயது நிறைவோரை ஒவ்வொரு காலாண்டும் தனியாக அழையுங்கள். பேச, கமிஷன் வாங்கும் முகவரை முதலில் கூப்பிடாதீர்கள். ஒவ்வொரு மாநிலத்திலும் ஷிப் என்ற அரசு நிதியுதவி பெறும் இலவச ஆலோசனைச் சேவை உள்ளது. அவர்களிடம் ஒருவரை அனுப்பக் கேளுங்கள். தமிழில் விளக்க உங்களிடமே ஆள் இருப்பார்.

அன்புடன்,
மூத்தோர் காப்பீட்டு ஆலோசனையில் ஈடுபட்டுள்ள தமிழர்கள்