பதினைந்து பேர் தூக்கினார்கள், பதினைந்து பேர் சும்மா இருந்தார்கள்

உடற்கல்வி முதுநிலைப் படிப்புகளின் பாடத்திட்டக் குழுவினருக்கும் ஆய்வு நெறியாளர்களுக்கும்,

வணக்கம்.

என் எம்.பி.எட். (உடற்கல்வி முதுநிலை) ஆய்வேடு இன்னும் அலமாரியில் கிடக்கிறது. கறுப்பு அட்டை, தங்க எழுத்து. பன்னிரண்டு வார எடைப் பயிற்சி கல்லூரி மாணவர்களின் உடல்திறனில் என்ன மாற்றம் செய்கிறது என்பது தலைப்பு. முப்பது மாணவர்களில் 15 பேர் வாரம் மூன்று நாள் தூக்கினார்கள். மீதி 15 பேர் கண்ட்ரோல் குரூப், அதாவது சும்மா இருந்தவர்கள். தூக்கியவர்களுக்குப் பலம் கூடியது, மற்றவர்களுக்குக் கூடவில்லை. இதை நிரூபிக்க நான் ஆன்கோவா என்ற புள்ளியியல் கணக்கு வேறு போட்டேன்! வைவாவில் பாராட்டும் கிடைத்தது.

இப்போது வேலூரில் பளுதூக்கல் சொல்லித்தருகிறேன். அந்த ஆய்வேட்டின் ஒரு வரிகூட எனக்கு இதுவரை உதவவில்லை. உதவாததற்குக் காரணம் உடலியங்கியல் பாடத்திலேயே இருக்கிறது. புதிதாகப் பார், அதாவது எடை மாட்டும் கம்பி, பிடிப்பவனுக்கு முதல் சில வாரங்களில் கூடுகிற பலத்தில் பெரும்பங்கு நரம்புகள் பழகுவதால் வருவது, தசை பெருப்பது பிறகுதான் என்று மோரிடானி, டிவ்ரீஸ் என்ற ஆய்வாளர்கள் 1979லேயே எழுதிவிட்டார்கள். புதியவனுக்கு எந்தப் பயிற்சி கொடுத்தாலும் பலம் ஏறும். அப்படிப்பட்டவனைச் சும்மா இருப்பவனோடு ஒப்பிட்டால் எந்தப் பயிற்சி நல்லது என்று எப்படித் தெரியும்? இந்தக் கேள்வியை என் நெறியாளர் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

கேட்க வேண்டியவை களத்தில் கிடக்கின்றன. இதே வேலூரின் சத்துவாச்சாரியிலிருந்து போன சதீஷ் சிவலிங்கம் 2014இல் கிளாஸ்கோவில் 328 கிலோ தூக்கி, 77 கிலோ பிரிவில் காமன்வெல்த் தங்கம் வாங்கினார். 2018இல் கோல்ட் கோஸ்டில் மறுபடியும் தங்கம். அதே எடையுள்ள ஒரு பையன் என்னிடம் வந்து, "மாஸ்டர், புரோட்டீன் பவுடர் குடிக்கட்டுமா?" என்கிறான். பெரியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்பது 2020ஆம் ஆண்டின் இந்தியப் பரிந்துரை. அவனுக்கு அது 64 கிராம். எடைப் பயிற்சி செய்பவர்களைப் பற்றிய 49 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2018ஆம் ஆண்டுத் தொகுப்போ, கிலோவுக்குச் சுமார் 1.6 கிராம் வரை பலன் இருப்பதாகச் சொல்கிறது. அந்தக் கணக்கில் 123 கிராம். காலையில் தின்கிற நாலு இட்லியில் எட்டு கிராம் தேறினாலே பெரிது. மீதியை முட்டை, வேர்க்கடலை, பருப்பு, மீல் மேக்கர் என்று அவன் வீட்டுச் செலவுக்குள் அடக்குவது எப்படி? பவுடர் டப்பாவைவிட இது மலிவாக முடியுமா? முதுநிலை மாணவர் ஒருவர் ஒரு பருவம் முழுக்க உட்கார்ந்து செய்யத்தக்க வேலை இது. நாங்கள் சத்துணவுத் தாளில் மனப்பாடம் செய்தது வைட்டமின் குறைபாட்டு நோய்களின் அட்டவணையை.

உடல் அசைவின் விசைகளைப் படிக்கும் உயிர் இயக்கவியலும் (பயோமெக்கானிக்ஸ்) அப்படித்தான். கருவி இல்லை என்று சொல்லிச் சொல்லியே நெம்புகோலின் மூன்று வகைகளோடு தாளை முடித்துவிடுகிறோம். செல்போனைப் பக்கவாட்டில் நிறுத்தி ஸ்லோமோஷனில் எடுத்தால் பார் போகும் பாதை தெரிந்துவிடும். பாரில் மாட்டும் பெரிய போட்டித் தட்டின் விட்டம் 45 சென்டிமீட்டர், படத்துக்குள்ளேயே அளவுகோல் இருக்கிறது. வீடியோவில் அசைவை அளக்கும் கினோவியா என்ற மென்பொருள் இலவசம். ஸ்குவாட்டில், அதாவது பாரைத் தோளில் தாங்கி உட்கார்ந்து எழும்போது, 100 கிலோ பார் இடுப்பு மூட்டுக்கு 20 சென்டிமீட்டர் முன்னால் இருந்தால், உடல் எடையை விட்டுவிட்டாலும் இடுப்பின் மேல் ஏறத்தாழ 196 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை. தொடை நீண்ட பையனுக்கு அந்தத் தூரம் 30 ஆனால், அது 294. இரண்டு பேரையும் "முதுகை நிமிர்த்துடா" என்று ஒரே மாதிரி அதட்டிக்கொண்டு எத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறேன்!

என் கோரிக்கை இதுதான். சும்மா இருக்கும் குழுவோடு ஒப்பிடும் ஆய்வுத் தலைப்புகளை இனி ஏற்காதீர்கள். ஏற்கெனவே இரண்டு வருஷமாவது தூக்குகிறவர்களை எடுத்து, ஒரு பயிற்சியை இன்னொரு பயிற்சியோடு ஒப்பிடச் சொல்லுங்கள். ஆள் குறைவாகக் கிடைக்கும், எண்கள் அழகாக வராது, சில ஆய்வுகளில் வித்தியாசமே தெரியாது. அதற்காக மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். உடலியங்கியல், சத்துணவு, உயிர் இயக்கவியல் என்ற மூன்று தாள்களுக்கும் பொதுவாக ஒரு செய்முறைத் தேர்வும் வையுங்கள். ஒரு வீரர், ஒரு லிஃப்ட், அவருடைய ஒரு வாரச் சாப்பாட்டுக் குறிப்பு. மாணவர் அதை வைத்துப் பேசட்டும், வீரரும் எதிரில் இருக்கட்டும்.

ஆள் வேண்டுமென்றால் எங்களிடம் பதினோரு பேர் இருக்கிறார்கள். காலை ஐந்தரைக்குக் கதவு திறக்கும். வருகிற மாணவர் போனில் சார்ஜ் போட்டுக்கொண்டு வரட்டும். எங்கள் ஷெட்டில் பிளக் பாயிண்ட் வேலை செய்யவில்லை.

இப்படிக்கு,
ஒரு பளுதூக்கும் பயிற்சியாளர்,
வேலூர்