மழைக்காலத்தில் ‘கரிப்பு மணிகள்’

தூத்துக்குடி உப்பளப் பகுதிகளின் கிளை நூலகர்களுக்கும் ஊர்ப்புற நூலகர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். முள்ளக்காடு, முத்தையாபுரம், பழையகாயல், ஆறுமுகநேரி, தருவைக்குளம், வேப்பலோடை என்று அளங்கள் சூழ்ந்த ஊர்களில் வேலை பார்க்கும் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி ராஜம் கிருஷ்ணன் எழுதிய ‘கரிப்பு மணிகள்’ நாவலை, வருகிற மழை மாதங்களில், அளத்துப் பெண்களுக்கு வாய்விட்டு வாசித்துக் காட்ட உங்கள் நூலகத்தில் சாயங்காலம் ஒரு மணி நேரம் இடம் கொடுங்கள்.

ஏன் மழை மாதங்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை இறங்கினால் பாத்தியெல்லாம் வெள்ளம்; டிசம்பர் வரை வேலையும் கிடையாது, கூலியும் கிடையாது. 2022 முதல் அரசு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் தருகிறது. கடன் போக மிஞ்சுவதை வைத்து நாளை ஓட்ட வேண்டும். சீசன் நேரத்தில் விடியுமுன்னே எழுந்து ஓடுகிறவளிடம் போய்க் கதை கேட்க வா என்றால் சிரிப்பாள். மழையில்தான் அவளுக்குப் பொழுது இருக்கிறது. போதாததற்குக் கவலையும் சேர்ந்துகொள்கிறது.

எங்கள் அம்மா அளத்தில் வேலை பார்த்தவள். எழுதப் படிக்கத் தெரியாது. நான் கல்லூரியில் சேர்ந்த வருஷம், ஒரு மழைக்காலத்தில், நூலகத்திலிருந்து எடுத்துவந்த இந்தப் புத்தகத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். மாமா வீட்டில் வளர்ந்த பொன்னாச்சி தம்பி பச்சையோடு தூத்துக்குடிக்கு வந்து அளத்து வேலையில் இறங்குகிற வரைக்கும் அம்மா சும்மா கேட்டுக்கொண்டிருந்தாள். உப்பு வாரும் வாருபலகை, தண்ணீர் தேக்கும் தெப்பம், காலில் வெடிப்பு, அந்த வெடிப்பில் உப்புத்தண்ணீர் பட்டால் வரும் எரிச்சல், வெள்ளை வெயிலில் கூசும் கண், பெண்பிள்ளைகளைத் தனியாகக் கூப்பிட்டுவிடும் மேற்பார்வைக்காரன் என்று கதை போகப் போக நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள். “ஏட்டி, இந்தம்மா எந்த அளத்துல வேல பாத்தா?” என்று கேட்டாள்.

எழுதியவர் முசிறிக்காரர், எந்த அளத்திலும் வேலை பார்க்கவில்லை, இங்கே வந்து ஆட்களோடு பழகிக் கேட்டு எழுதினார் என்றேன். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. கேட்டு எழுதினால் இவ்வளவு வருமா என்றாள். மறுநாள் பக்கத்து வீட்டு அத்தையையும் கூட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த ஏதேதோ அந்த மழையில் இரண்டு பேரும் பேசினார்கள். அதை இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை. ஆனால் அதன் பிறகு எங்கள் வீட்டில் அம்மாவின் குரல் கொஞ்சம் உயர்ந்தது, சம்பளக் கணக்கை அவளே கேட்டு வாங்கினாள் என்பதை மட்டும் சொல்லலாம்.

நாவலில் குறை இல்லாமல் இல்லை. கதையில் வரும் தொழிலாளி ராமசாமி சில இடங்களில் மேடையில் நிற்பதுபோல் பேசுகிறான். அந்தப் பக்கங்களில் அம்மா கொட்டாவி விட்டாள், நானும் வேகமாகத் தாண்டினேன். வாசிக்கிறவர்கள் அப்படியே செய்யலாம்.

ராஜம் கிருஷ்ணனுக்கு 1973-இல் ‘வேருக்கு நீர்’ நாவலுக்காக சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. தமிழில் அந்த விருதைப் பெற்ற முதல் பெண் அவர். படகர் என்ற மலை மக்களுக்காக நீலகிரி மலையேறினார், ‘குறிஞ்சித்தேன்’ வந்தது. சிவகாசித் தீப்பெட்டி வேலைக்குப் போன பிள்ளைகளைப் பார்த்து ‘கூட்டுக்குஞ்சுகள்’ எழுதினார். மீனவர்களைப் பற்றி ‘அலைவாய்க் கரையில்’. பதினைந்து வயதில் கல்யாணம் ஆனவர், பள்ளிப் படிப்பைத் தொடர முடியாதவர், இத்தனை ஊர் சுற்றி எழுதினார் என்பது எனக்கு இன்னொரு தெம்பு. வேலைக்கு நேர்முகத் தேர்வுகளில் தோற்றுத் திரும்பிய நாட்களில் நான் ‘கரிப்பு மணிகளை’த்தான் எடுத்துப் புரட்டினேன். ஆறுதல் வார்த்தை ஒன்றும் அதில் இருக்காது. பொன்னாச்சி மறுநாளும் வேலைக்குப் போவாள், அவ்வளவுதான். எனக்கு அது போதுமாயிருந்தது.

2009-இல், அவர் உயிரோடு இருக்கும்போதே, அவருடைய நூல்களை அரசு நாட்டுடைமை ஆக்கியது. ஆகவே யாரும் அச்சிடலாம், இணையத்திலும் இலவசமாகக் கிடைக்கிறது. உரிமைத்தொகை, அனுமதி என்று எந்தத் தடங்கலும் இல்லை. ஆனால் அம்மா மாதிரி ஆட்களுக்கு இணையத்தால் என்ன பயன்? பக்கத்தில் ஒருத்தி உட்கார்ந்து, நெல்லைப் பேச்சை நெல்லைப் பேச்சாகவே வாசிக்க வேண்டும். உங்கள் ஊரில் பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் அளத்து வீட்டுப் பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களை வாசிக்கச் சொல்லுங்கள். தன் அம்மாவின் வேலை ஒரு புத்தகத்தில் இருப்பதை அந்தப் பிள்ளை தன் வாயாலேயே வாசிக்கட்டும்.

செலவு என்றால் ஒரு தேநீர்ச் செலவு, விரிக்க இரண்டு பாய். அலமாரியில் புத்தகம் இல்லையென்றால் என்னிடம் இருக்கிற பிரதியைக் கொடுத்துவிடுகிறேன். முதல் நாள் வாசிக்க ஆள் கிடைக்காவிட்டால் நானே வருகிறேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் எந்த நாளென்றாலும் சரி. மின்சாரம் போனாலும் வாசிக்க முடிகிற மாதிரி ஒரு அவசர விளக்கை மட்டும் தயாராக வைத்திருங்கள்.

இப்படிக்கு,
உப்பளத் தொழிலாளி ஒருவரின் மகள்