வண்ணப்படத்தோடு கட்டளைக் கோப்பையும் கேளுங்கள்

கொங்கு மண்டலப் பொறியியல் கல்லூரிகளின் இயந்திரவியல் துறைத் தலைவர்களுக்கும், இறுதியாண்டுத் திட்டப்பணி வழிகாட்டிகளுக்கும்,

வணக்கம்.

கோவையிலும் சுற்றுப்பட்டிலும் உள்ள சிறு தொழிற்சாலைகளுக்குத் தகைவுக் கணக்குப் பார்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. தகைவு என்பது சுமை ஏறும்போது உலோகத்துக்குள் ஒரு பரப்பளவுக்கு இவ்வளவு என்று எழும் விசை. பம்பின் வெளிக்கூடான வால்யூட் கேசிங், மோட்டார் பாடி, திருச்செங்கோட்டு ரிக் வண்டியின் மாஸ்ட், நாமக்கல்லில் லாரிக்குக் கட்டும் பாடியின் அடிச்சட்டம் என்று எது வந்தாலும் பாகத்தைச் சிறு சிறு கூறுகளாகப் பிரித்துப் பார்க்கும் ஃபைனைட் எலிமென்ட் முறையில் கணக்கிட்டு, எங்கே தாங்கும், எங்கே விரியும் என்று சொல்ல வேண்டும். உங்கள் மாணவர்கள் இந்தத் தொழிற்சாலைகளுக்குத்தான் பயிற்சிக்கு வருகிறார்கள். அவர்கள் எழுதிய திட்ட அறிக்கைகளை முதலாளிகள் என்னிடம் நீட்டி, "இதை நம்பலாமா, பாருங்கள்" என்கிறார்கள்.

பெரும்பாலும் என்னால் பதில் சொல்ல முடிவதில்லை. அறிக்கையில் நீலத்திலிருந்து சிவப்பு வரை ஓடும் அழகான படங்கள் இருக்கின்றன. எந்தக் கோப்பிலிருந்து அவை வந்தன, எந்தத் தகைவு, எந்த நிறத்துக்கு எந்த எண் என்ற அளவுகோல் எது, சராசரி எடுத்ததா எடுக்காததா என்ற விவரம் எதுவும் இல்லை. சுட்டியால் சொடுக்கிச் சொடுக்கி எடுத்த படம். சொடுக்கியவருக்கே மறுபடி எடுக்கத் தெரியாது. பிறந்த நேரம் எழுதாத ஜாதகத்தை எந்த ஜோசியரும் கையில் வாங்க மாட்டார். நாம் மட்டும் அளவுகோல் இல்லாத படத்தைப் பார்த்துத் தலையாட்டி மதிப்பெண் போடுகிறோம்.

ஆகவே என் கோரிக்கை: எந்த வண்ணப்படத்தையும் அதை உருவாக்கிய கட்டளைக் கோப்பு, அதாவது கணினிக்கு இட்ட கட்டளைகளை வரிசையாக எழுதிய உரைக் கோப்பு, இல்லாமல் ஏற்காதீர்கள். அதற்கு வசதியாக, கணக்கின் முடிவுகளைக் கட்டளை வரியிலிருந்து படமாக்க மாணவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள்.

இது வெறும் ஒழுங்குப் பிரச்சினை என்று தோன்றினால் வார்ப்பிரும்பையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் பவுண்டரிகளில் ஊற்றும் பம்ப் கேசிங் பெரும்பாலும் சாம்பல்நிற வார்ப்பிரும்பு. ஐ.எஸ். 210 தரநிர்ணயப்படி எஃப்ஜி 200 என்றால் குறைந்தபட்ச இழுவலிமை 200 மெகாபாஸ்கல். ஆனால் அதே இரும்பு அமுக்கத்தை அதைப்போல் மூன்று நான்கு மடங்கு தாங்கும். உள்ளே இருக்கும் கிராஃபைட் செதில்கள் இழுக்கும்போது விரிசலாக வேலை செய்கின்றன, அமுக்கும்போது மூடிக்கொள்கின்றன. இப்படிப்பட்ட உலோகத்துக்கு மாணவர்கள் வான் மீசஸ் தகைவை, அதாவது எல்லாத் திசைத் தகைவுகளையும் ஒரே எண்ணாகச் சுருக்கியதை, படமாக்கிக் கொண்டுவருகிறார்கள். காரணம், மெனுவைத் திறந்தால் முதலில் இருப்பது அதுதான். வான் மீசஸ் எண்ணுக்குக் கூட்டல் கழித்தல் குறி கிடையாது. இழுபடும் இடமும் அமுக்கப்படும் இடமும் ஒரே சிவப்பாகத் தெரியும். ரிக் மாஸ்டின் எஃகுக்கு அது சரி. வார்ப்பிரும்புக் கேசிங்குக்குப் பார்க்க வேண்டியது பெரும முதன்மைத் தகைவு, அதாவது எந்தத் திசையில் இழுப்பு மிக அதிகமோ அந்தத் திசையின் தகைவு. கட்டளைக் கோப்பில் எந்தத் தகைவு என்பதை மாணவரே தட்டச்சு செய்தாக வேண்டும். தட்டச்சு செய்யும் அந்த ஒரு நொடியாவது "எதற்காக இது?" என்ற கேள்வி எழும். மெனு அந்தக் கேள்வியை எழவிடுவதில்லை.

அளவுகோலும் அப்படித்தான். பழைய வடிவம் இடப்பக்கம், புதிய வடிவம் வலப்பக்கம் என்று இரண்டு படங்கள் போடுகிறார்கள். மென்பொருள் ஒவ்வொன்றுக்கும் தானாகவே உச்சத்தையும் அடியையும் எடுத்துக்கொள்வதால் இரண்டிலும் சிவப்பு தெரிகிறது. ஒன்றின் சிவப்பு 140 ஆக இருக்கலாம், மற்றதின் சிவப்பு 40 ஆக இருக்கலாம். படத்தைப் பார்த்து எது நல்லது என்று யார் சொல்வது? உருக்குலைவையும் அது தானாகவே பல மடங்கு பெரிதாக்கிக் காட்டும். ஃபிளாஞ்ச் ரப்பர்போல வளைந்திருப்பதைப் பார்த்துப் பயந்துபோன முதலாளிகள் உண்டு. இன்னொன்று, வானவில் நிறங்களைக் கறுப்பு வெள்ளையில் நகலெடுத்தால் ஆழ்ந்த நீலமும் ஆழ்ந்த சிவப்பும் ஒரே சாம்பலாகிவிடும். மிகக் குறைந்த தகைவும் மிக அதிகத் தகைவும் ஒன்றுபோலத் தெரியும் அறிக்கை உங்கள் துறை நூலகத்தில் இப்போதும் அலமாரியில் இருக்கும், எடுத்துப் பாருங்கள். வெளிச்சம் ஒரே சீராகக் கூடும் விரிடிஸ் என்ற நிறவரிசை 2015இல் வந்துவிட்டது. அதற்கு மாற ஒரு வரி போதும்.

இதைவிட நுணுக்கமான ஒரு விஷயம் இருக்கிறது. நாம் ஒப்புக்குச் சொல்லித்தருவதும் இதைத்தான். ஃபைனைட் எலிமென்ட் கணக்கில் தகைவு பிறக்கும் இடம் கூறுகளை இணைக்கும் கணு அல்ல. ஒவ்வொரு கூறுக்குள்ளும் மென்பொருள் கணக்கிடும் தொகையீட்டுப் புள்ளிகள். பத்துக் கணுக்கள் கொண்ட நான்முகிக் கூறில் அப்படி நான்கு புள்ளிகள். அங்கே கிடைத்த மதிப்பைக் கணுக்களுக்கு நீட்டி, பக்கத்துக் கூறுகளிலிருந்து வந்த மதிப்புகளோடு சராசரி எடுத்த பிறகுதான் அந்த வழுவழுப்பான வண்ணம் கிடைக்கிறது. அடுத்தடுத்த கூறுகள் ஒரே கணுவில் ஒன்று 60 என்றும் மற்றது 110 என்றும் சொன்னால் மெஷ், அதாவது கூறுகளின் வலை, போதிய நுணுக்கமாக இல்லை என்று அர்த்தம். சராசரி அந்தச் சண்டையை மறைத்து 85 என்று காட்டிவிடும். எண்களைக் கோப்பிலிருந்து எடுத்துப் பார்க்கப் பழகியவருக்கு அந்தச் சண்டை தெரியும். படம் மட்டும் பார்த்துப் பழகியவருக்குத் தெரியவே தெரியாது.

கூர்மையான உள்மூலையின் கதையும் இதுதான். மூலையை வளைவாக்கும் ஃபில்லட் போடாத இடத்தில் மீட்சிக் கோட்பாட்டின்படி தகைவுக்கு வரம்பே இல்லை. மெஷ்ஷை 8 மில்லிமீட்டரிலிருந்து 4, 2, 1 என்று பாதி பாதியாகக் குறைத்தால் அந்த உச்ச எண் ஒவ்வொரு தடவையும் ஏறிக்கொண்டே போகும், எங்கும் நிற்காது. மாணவர் ஒரே ஒரு மெஷ்ஷில் கணக்கிட்டு, அங்கே வந்த எண்ணை எழுதி, "பாதுகாப்புக் காரணி 1.8" என்று முடித்துவிடுகிறார். நான்கு மெஷ்ஷிலும் ஓட்டி உச்சத்தை வரைபடமாக்கச் சொல்லுங்கள். சொடுக்கிச் செய்தால் அது ஒரு நாள் வேலை, யாரும் செய்ய மாட்டார்கள். கட்டளைக் கோப்பு இருந்தால் அதைச் சுற்றி ஒரு லூப் போட்டால் தீர்ந்தது. எண்களை வரைய க்னூபிளாட் இருக்கிறது. 1986இலிருந்து புழக்கத்தில் உள்ள கருவி, மிகப் பழைய கணினியிலும் ஓடும்.

கருவிகளுக்குப் பணம் வேண்டுமோ என்ற கவலை வேண்டாம். மூனிச் நகரில் எம்டியூ விமான எஞ்சின் நிறுவனத்தில் வேலை பார்த்த கீடோ டோண்ட், கிளாஸ் விட்டிக் என்ற இருவர் உருவாக்கிய கால்குலிக்ஸ் என்ற ஃபைனைட் எலிமென்ட் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. கணுக்களின் எண்ணிக்கைக்கு மாணவர் பதிப்புகளில் இருப்பதுபோன்ற உச்சவரம்பு இதில் இல்லை. இது எழுதும் எஃப்ஆர்டி என்ற முடிவுக் கோப்பை வெறும் உரையாகவே வைத்துக்கொள்ளலாம். திறந்தால் ஒரு கணுவுக்கு ஒரு வரி, அதில் தகைவின் ஆறு திசைக்கூறுகள். ஒரே ஒரு எச்சரிக்கை: ஒவ்வொரு எண்ணுக்கும் பன்னிரண்டு எழுத்திடம் ஒதுக்கியிருப்பதால், எதிர்ம எண் வந்தால் முந்தைய எண்ணோடு ஒட்டிக்கொள்ளும். இடைவெளியை நம்பி ஆக் என்ற உரை பிரிக்கும் நிரலில் பிரித்தால் கணக்கு குப்பையாகிவிடும். 3, 10, பிறகு ஆறு முறை 12 என்று பத்திகளின் அகலத்தைச் சொல்லிப் பிரிக்க வேண்டும். ஒரு மாணவர் இதில் ஒரு முறை இடறி எழுந்தால், கோப்பு என்றால் என்ன என்பது அவருக்கு ஆயுளுக்கும் மறக்காது.

முப்பரிமாணப் படத்துக்குப் பாராவியூ இருக்கிறது. கிட்வேர் நிறுவனமும் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வகமும் 2000இல் தொடங்கிய திட்டம் அது. இதன் பிவிபேட்ச் என்ற கட்டளை, திரையே இல்லாத கணினியிலும் பைத்தான் கோப்பைப் படித்துப் படத்தை எழுதி வைத்துவிடும். எஃப்ஆர்டி கோப்பை இதற்கேற்ற விடிகே வடிவத்துக்கு மாற்றவும் இலவச நிரல் உண்டு. கறுப்புத் திரையைக் கண்டால் மாணவர்கள் மிரளுகிறார்கள் என்று சொல்வீர்கள். பாராவியூவிலேயே 'டிரேஸ்' என்று ஒரு வசதி இருக்கிறது. அதை முடுக்கிவிட்டு வழக்கம்போலச் சொடுக்கட்டும். செய்ததையெல்லாம் அது பைத்தானாக எழுதித் தரும். அந்தக் கோப்பில் அளவுகோலின் இரண்டு எண்களையும் கோப்பின் பெயரையும் கையால் மாற்றுவதிலிருந்து தொடங்கினால் போதும். மிரட்சி தானாகப் போய்விடும்.

வேலைக்குப் போகும் இடங்களில் விலையுயர்ந்த மெனு மென்பொருள்தானே கேட்கிறார்கள் என்பது அடுத்த ஆட்சேபம். அந்த மென்பொருள்களும் கட்டளைக் கோப்பை ஏற்கின்றன. பெரிய நிறுவனங்களில் இரவு முழுக்க நூறு வடிவங்களை வரிசையாக ஓட்டுவது அப்படித்தான். அது போகட்டும். நம் பட்டறைகளுக்கு என்ன தேவை என்று பாருங்கள். கேசிங் வார்க்கும்போது உட்குழியை உருவாக்கும் கோர் ஒரு பக்கமாக நகர்ந்துவிடுவது பவுண்டரிக்காரர்களுக்கு அன்றாடத் தலைவலி. வரைபடத்தில் 8 மில்லிமீட்டர் என்று இருக்கும் சுவர் ஒரு பக்கம் 6, எதிர்ப்பக்கம் 10 என்று வந்து நிற்கும். எவ்வளவு நகர்வு வரை ஹைட்ரோ டெஸ்ட் என்ற தண்ணீர் அழுத்தச் சோதனையில் தாங்கும் என்பதுதான் அவர் கேட்கும் கேள்வி. பதில் சொல்ல, அரை மில்லிமீட்டர் படியாக நகர்த்தி ஒவ்வொன்றையும் கணக்கிட்டு, ஒரே கோணத்தில், ஒரே அளவுகோலில், பெரும முதன்மைத் தகைவை வரிசையாகக் காட்ட வேண்டும். கடைசிப் பக்கத்தில் நகர்வுக்கு எதிராக உச்சத் தகைவு என்று ஒரே ஒரு கோடு. அந்தக் கோட்டை வைத்து அவர் எந்த வார்ப்பை உடைத்து மறுபடி உருக்குவது, எதை லேத்துக்கு அனுப்புவது என்று முடிவு செய்வார். இதைச் செய்து காட்டும் மாணவரை எந்த முதலாளியும் விடமாட்டார்.

புதிய பாடத்தாள் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பாடத்திட்டக் குழுவுக்குப் போனால் எப்போது திரும்பி வரும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். இருக்கும் ஆய்வக நேரத்தில் கடைசிப் பகுதியை இதற்கு ஒதுக்குங்கள். அறிக்கையின் பின்னிணைப்பில் உள்ளீட்டுக் கோப்பு, படமாக்கும் கட்டளைக் கோப்பு இரண்டும் இருக்க வேண்டும் என்று துறை அளவிலேயே ஒரு சுற்றறிக்கை விட்டால் போதும். வாய்மொழித் தேர்வில் அறிக்கையின் ஏதாவது ஒரு படத்தைச் சுட்டிக்காட்டி, "இதை இப்போது மறுபடி எடுங்கள், உச்ச அளவை 120 என்று வைத்து" என்று கேளுங்கள். கட்டளைக் கோப்பு இருப்பவர் ஒரு நிமிடத்தில் எடுத்துவிடுவார். இல்லாதவர் என்ன செய்கிறார் என்று பார்த்துவிட்டு மதிப்பெண் போடுங்கள்.

பயிற்சிக்கு உதாரணக் கோப்புகள் இல்லையென்றால் சொல்லுங்கள். சில பம்ப் தயாரிப்பாளர்கள், நிறுவனப் பெயரை நீக்கிவிட்டு, கேசிங்கின் மெஷ்ஷையும் முடிவுக் கோப்புகளையும் மாணவர்களுக்குத் தர என்னிடம் சம்மதித்திருக்கிறார்கள். லினக்ஸ் ஏற்றிய கணினிகளும் ஒரு சனிக்கிழமை முற்பகலும் இருந்தால், பெருந்துறையோ பொள்ளாச்சியோ, நானே கொண்டுவந்து நடத்தித் தருகிறேன். பயணச் செலவு கூட வேண்டாம்.

இப்படிக்கு,
தகைவுக் கணக்கு பார்க்கும் பொறியாளர் ஒருவர்,
கணபதி, கோயம்புத்தூர்.