நின்றுபோகாத துடிப்புக்காக ஒரு நன்றி மடல்

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

பெயர் சொல்லி நன்றி சொல்லத்தான் ஆசை. ஆனால் பாதிப் பேர் ‘என் பெயரைப் போடாதே’ என்பீர்கள். மீதிப் பேரின் பெயரை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. படித்தால் யார் யாரென்று உங்களுக்கே தெரியும்.

முதலில் அக்காவுக்கு. அன்று ராத்திரி இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தேன். நெஞ்சுக்குள் ஏதோ துள்ளியது, அப்புறம் ஒன்றுமே இல்லை, பிறகு ‘தொம்’மென்று ஓர் அடி. “நின்னுபோச்சு!” என்று கத்தினேன். நின்றிருந்தால் கத்த முடியாது என்று நீ சொன்னது மறுநாள்தான் உறைத்தது. விடியும்வரை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாயே, அதற்கு நன்றி.

முதலில் போன இடத்தில் ஈ.சி.ஜி. எடுத்தார்கள். அது பத்து விநாடிப் பதிவு. அந்தப் பத்து விநாடியும் என் இதயம் நல்ல பிள்ளையாக நடந்துகொண்டது. “எல்லாம் மனசுதான்” என்று அனுப்பிவிட்டார்கள். சரி, அதை விடுவோம்.

டாக்டரம்மா, உங்களுக்குத்தான் அதிகம் கடன்பட்டிருக்கிறேன். மேசையை விரலால் தட்டிக் காட்டினீர்கள்: டொக், டொக், டொக்டொக்... கொஞ்சம் மௌனம்... டொக்! துடிப்பு எங்கேயும் விட்டுப்போகவில்லை, முறை வருவதற்கு முன்பே ஒன்று முந்திக்கொண்டு வந்துவிட்டது என்றீர்கள். இதய அறைக்குள் ரத்தம் நிறைவதற்குள் சுருங்கிவிடுவதால் அந்த அடி பலவீனமானது. பல சமயம் மணிக்கட்டுவரை எட்டாது. அக்காவின் விரலுக்கு ஒன்று குறைந்தது அதனால்தான். பின்னால் வரும் நீண்ட இடைவெளியில் ரத்தம் கூடுதலாக நிறைகிறது, அடுத்த துடிப்பு பலமாக விழுகிறது. “நீங்க பயந்தது ஒழுங்கான துடிப்பைப் பார்த்துத்தான்” என்று சிரித்தீர்கள். அந்த ஒரு வாக்கியம் எனக்கு மாத்திரையைவிட நன்றாக வேலை செய்தது.

வயர்களோடு தூங்க முடியாது என்று முனகியபோது, ஒரு நாள் முழுக்கத் துடிப்பைப் பதியும் ஹோல்டர் கருவியை ஒட்டிய தம்பி சொன்னார்: நார்மன் ஹோல்டர் செய்த முதல் கருவியை முதுகில் சுமக்க வேண்டுமாம், எடை சுமார் 38 கிலோ. அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. 24 மணி நேரத்தில் ஒரு லட்சத்துச் சொச்சம் துடிப்புகள், அவற்றில் 1,900 முந்திரிக்கொட்டைகள். வேடிக்கை என்னவென்றால், துள்ளுவதுபோல் தோன்றி நான் கருவியின் பட்டனை அழுத்திய பல நேரங்களில் எதுவுமே நடக்கவில்லை; முந்திரிக்கொட்டைகளில் பெரும்பாலானவை நான் தூங்கும்போது வந்துபோயிருக்கின்றன. மொத்தத் துடிப்புகளில் இவை பத்து சதவீதத்தைத் தாண்டினால்தான் இதயத் தசை தளர்கிறதா என்று கூர்ந்து கவனிப்பார்களாம். எனக்கு இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. எக்கோ என்கிற இதய ஸ்கேன், தைராய்டு, பொட்டாசியம் எல்லாம் சரியாக இருந்தன.

ஆனால் ‘ஒன்றுமில்லை’ என்று மட்டும் சொல்லி நீங்கள் அனுப்பவில்லை, டாக்டரம்மா. மயக்கம் வந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே வரச் சொன்னீர்கள். தாளமே இல்லாமல் தொடர்ந்து அடித்தால் அது வேறு சங்கதி, இதயத்தின் மேலறை நடுக்கமாக இருக்கலாம், ரத்தம் உறைந்து பக்கவாதம்வரை போகும் என்றும் எச்சரித்தீர்கள். எதற்குப் பயப்பட வேண்டும் என்று தெரிந்த பிறகுதான் மற்றதற்குப் பயப்படாமல் இருக்க முடிந்தது.

கடைசியாக, இதே தொல்லையோடு பல வருடங்களாக வாழும் என் தோழிக்கு. நிமிடத்துக்கு ஒருதரம் நாடி பார்த்துக்கொண்டிருந்த என் கையிலிருந்து ஸ்மார்ட் வாட்சைக் கழற்றி வாங்கிக்கொண்டாய். காபியை விட்டேன், பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஒழுங்காகத் தூங்கினேன், தெரிந்தது. இது என் உடம்பின் கணக்கு. உன்னுடையது வேறு என்று நீதான் முன்பே சொல்லியிருந்தாய்.

இந்த மடலை எழுதும்போதே மூன்று வந்தன. மூன்று என்று எண்ணியிருக்கிறேன், பார். அந்த வாட்ச் இன்னும் கொஞ்ச நாள் உன்னிடமே இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் முந்திரிக்கொட்டை இதயக்காரி