சிவப்பு நோட்டு உங்களுக்குத்தான், அண்ணே

அண்ணே,

போன் செய்தால் எடுக்க மாட்டீர்கள். நேரில் வந்து நிற்க எனக்கு முகம் இல்லை. அன்றைக்கு நான் சொன்னது கடை வாசலில் பத்துப் பேர் பார்க்கச் சொன்ன வார்த்தை. அதனால் இதையும் பத்துப் பேர் பார்க்கிற இடத்தில்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது. தெரு வாட்ஸ்அப் குரூப்பில் யாராவது உங்களுக்குக் காட்டிவிடுவார்கள். அவர்களும் படிப்பார்கள் என்பதால் சில இடங்களில் அடக்கித்தான் எழுத முடியும்.

நேற்று அப்பாவுக்கு நான்காவது திதி. சாப்பாட்டு இலை எடுத்த கையோடு கட்டடக்காரரைப் பார்த்துச் சொல்லிவிட்டு வந்தேன். இந்த மாதம் முப்பதாம் தேதியோடு நம் மளிகைக் கடை இல்லை.

காரணம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பத்து நிமிடத்தில் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து தருகிற ஆப் வந்துவிட்டது, வாடகை ஏறிவிட்டது என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொள்கிறேன். அதுவும் பொய் இல்லை. ஆனால் நீங்கள் வேலையை விட்டுக் கடையிலிருந்து இறங்கியபோது எந்த ஆப்பும் நம் தெருவுக்குள் வந்திருக்கவில்லை. அப்போதே கல்லா குறைய ஆரம்பித்துவிட்டது.

சாமான் ஒதுங்கவைக்கும்போது, நீங்கள் கடன் எழுதிவைத்த அந்தச் சிவப்பு நோட்டு கிடைத்தது. பரணில், எடைக்கல் வைத்திருந்த டின்னுக்குள். மூன்று வருடமாக அது எங்கே இருக்கிறது என்று தெரியாதவன் மாதிரி இருந்தேன். நான்தான் அங்கே போட்டேன்.

மறுபடி உட்கார்ந்து படித்தேன். வேப்பமரம் 340. ரெட்டை ஜடை 1,120. ராணுவம் 85. மூக்குத்தி 2,150. ஒரு பேர் கிடையாது. கல்லா மேஜையில் எல்லார் கண்ணும் படுகிற நோட்டில் கடன்காரர் பேரை எழுதக் கூடாது என்பது அப்பா வைத்த சட்டம். அடையாளம் வைத்தது நீங்கள். ஒன்றாம் தேதிக்காரர், வாரக்கூலி சனிக்கிழமைக்காரர், ராத்திரி வண்டியை நிறுத்திவிட்டு வந்து அன்றன்றைக்கே தீர்க்கிற ஆட்டோக்காரர் என்று எல்லாம் உங்கள் மண்டைக்குள் இருந்தது. யாரிடம் எந்தத் தேதியில் கேட்க வேண்டும், யாரிடம் கேட்கவே கூடாது என்பதும் அங்கேதான் இருந்தது. நான் கம்ப்யூட்டர் பில் போட உட்கார்ந்தபோது இதை எந்தக் கட்டத்தில் ஏற்றுவது? அந்தக் கோபமும் எனக்கு இருந்தது அண்ணே. என் கடைக் கணக்கை என்னால் படிக்க முடியவில்லை.

புரட்டிக்கொண்டே போனதில் 2015 டிசம்பர் 2 வந்தது. அந்தப் பக்கம் இன்னும் தண்ணீர் பட்டு விறைத்துத்தான் இருக்கிறது.

சென்னை வெள்ளம். சைதாப்பேட்டையில் கடை வைத்தவனுக்குத் தேதியைச் சொன்னால் போதும். அப்பா கல்யாணத்துக்கென்று திருநெல்வேலி போனவர். ரயில் ரத்து, வர வழியில்லை. நான் கல்லூரி கடைசி வருடம். முதல் தடவையாகக் கல்லா என் கையில். தண்ணீர் நம் கடையின் இரண்டாம் படியில் நின்றது. தெருவின் ஆற்றுப் பக்கக் கோடியில் இடுப்பளவு. கரண்ட் இல்லை, போன் இல்லை, ஏ.டி.எம். இல்லை. பால் பாக்கெட் நூறு ரூபாய் என்று ஊரெல்லாம் பேச்சு. நீங்கள் பரணில் நின்று பால் பவுடர் டின்னையும் ரொட்டியையும் இறக்கிக்கொண்டிருந்தீர்கள். கீழே நான் மெழுகுவத்தி விற்றேன்.

ஐந்து ரூபாய் மெழுகுவத்தி. இருபதுக்கு.

இதைத் தெருவில் யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். வாங்கியவர்களுக்குத் தெரியும் அல்லவா? படிக்கிறவர்களில் அவர்களும் இருக்கலாம். சரி, இருக்கட்டும்.

நீங்கள் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் இறங்கி வந்து, நோட்டைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு, "யார் யாருக்குக் கொடுத்தீங்க தம்பி?" என்று மட்டும் கேட்டீர்கள். திட்டியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். ஒன்பது பேரைச் சொன்னேன். ஒன்பது அடையாளம் எழுதினீர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே 15. கல்லாவிலிருந்து சில்லறையை எண்ணினீர்கள். சத்தமாகத்தான் எண்ணினீர்கள், எப்போதும் போல ஒன்று என்று சொல்லாமல் "லாபம், ரெண்டு, மூணு" என்று. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. மஞ்சள் பையில் சில்லறையை முடிந்து, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, தண்ணீருக்குள் இறங்கிப் போனீர்கள். டார்ச் வெளிச்சம் தெருக்கோடி வரை போய் வளைந்ததைப் படியில் நின்று பார்த்தேன். பாம்பு வருகிறது என்று யாரோ கத்தினார்கள். நான் கூட வரவில்லை.

திரும்பி வந்தபோது ஏழு அடையாளத்தை அடித்துவிட்டு, "தம்பி சில்லறை இல்லாம வாங்கிட்டாப்ல, முதலாளி குடுத்துவிடச் சொன்னாருன்னு சொல்லிட்டேன்" என்றீர்கள். ஊரில் சிக்கிக்கிடந்த அப்பாவுக்குத் தெரியவே தெரியாது. கடைசிவரை தெரியாது. நீங்கள் சொல்லவில்லை.

2022 பொங்கல் கழிந்து நான் உங்களைக் கேட்டபோதும் நீங்கள் அதைச் சொல்லவில்லை. அதுதான் அண்ணே எனக்குத் தாங்கவில்லை. கணக்கில் 61,340 இடிக்கிறது, கை வைத்துவிட்டீர்கள் என்று வாசலில் நின்று கேட்டேன். "மெழுகுவத்தி வித்தவன் நீ" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அங்கேயே அடங்கியிருப்பேன். நீங்கள் பாதியில் விட்ட பொட்டலத்தை மடித்து, நூல் சுற்றி, அந்தப் பாட்டியிடம் கொடுத்துவிட்டு, துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனீர்கள். நல்லவராகவே போனீர்கள். என்னைக் கெட்டவனாக நிறுத்திவிட்டுப் போனீர்கள்.

என் பக்கமும் கேளுங்கள். அப்பா போய் எட்டு மாதம். கடன் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. 2020 ஏப்ரலில் நாலு நாள் முழு ஊரடங்கு என்று அறிவித்துவிட்டு, 25ஆம் தேதி ஒரே நாளில் ஊரே கடை முன்னால் நின்றதே, அன்றைக்கு நீங்கள் எழுதியது மட்டும் ஆறு பக்கம். அந்த மே மாதம் கோயம்பேடு மூடியபோது எங்கெங்கோ அலைந்து வெங்காயம் கொண்டுவந்தீர்கள். அதையும் காசில்லாதவர்களுக்கு நோட்டில் எழுதிக் கொடுத்தீர்கள். நல்ல காரியம்தான். ஆனால் மொத்த வியாபாரி மூட்டைக்குக் காசு கேட்டது என்னிடம். அவரிடம் "வேப்பமரம் 340" என்று காட்ட முடியுமா?

ஆறு மாதத்தில் மூன்று தெரு தள்ளி நீங்கள் கடை போட்டதும் நான் நினைத்தது சரிதான் என்று எல்லாரிடமும் சொன்னேன். முதல் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். ஊர்ப்பக்கத்துப் பிள்ளையைக் கடையில் வைத்துப் பழக்கி, நேரம் வந்தால் முதலாளியே முதல் கொடுத்துத் தனிக்கடை வைத்துக் கொடுப்பது நம் ஆட்களிடம் இருக்கிற வழக்கம். நீங்கள் நாசரேத் பக்கமிருந்து 1998இல் வந்தவர். எந்த வயதில் வந்தீர்கள் என்பதை இங்கே எழுத மாட்டேன், எங்களுக்குத்தான் கேவலம். அப்பா உங்களுக்குக் கடை வைத்துக் கொடுத்திருக்க வேண்டும். "அடுத்த ஆயுத பூஜை, அடுத்த ஆயுத பூஜை" என்று தள்ளினார். ஏனென்றால் நீங்கள் போனால் தெருவும் போய்விடும் என்று அவருக்குத் தெரியும். இதை நான் கண்டுபிடித்து எழுதவில்லை. அம்மா நேற்று சொன்னாள்.

தெருவும் போனது. வெளியூர் போகிறவர்கள் வீட்டுச் சாவியை நம் கடையில் கொடுத்துவிட்டுப் போவார்களே, நீங்கள் போன மாதத்தோடு அந்த ஆணியில் ஒரு சாவிகூடத் தொங்கவில்லை. தினம் காலை பால் வாங்க வருகிற பெரியவர் ஒருநாள் வரவில்லை என்றால் நீங்கள் பையனை அனுப்பிப் பார்ப்பீர்கள். அப்படி ஒருவர் வரவில்லை என்பதே என் கண்ணுக்குத் தெரியாது. மூலை வீட்டம்மா உங்கள் கடையில் வாங்கிய பையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நம் கடையைத் தாண்டிப் போவார். மறைக்காமல் போயிருக்கலாம். அந்த மரியாதைதான் அறுத்தது.

இன்னொன்று. நீங்கள் போன வருடத்திலேயே சிலர் தானாக வந்து பணம் வைத்தார்கள். ஒரு அம்மா 2,150 ரூபாயை மேஜையில் வைத்து, "எங்க கணக்க அடிச்சுடுங்க, அண்ணன்கிட்டயும் சொல்லிடுங்க" என்றார். தொகையை வைத்துத் தேடினேன். மூக்குத்தி. நிமிர்ந்து பார்த்தேன், அவர் மூக்கில் ஒன்றுமில்லை. எழுதினபோது இருந்திருக்கும் என்று ராத்திரிதான் உறைத்தது. அப்படி வந்தது 18,000க்கு மேல். அன்றே உங்களிடம் ஓடி வந்திருக்க வேண்டும். வரவில்லை. மன்னிப்புக் கேட்டால் கடன் நோட்டையும் சேர்த்து ஏற்றுக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று பயந்தேன். வந்த கணக்கை அடிக்கக்கூட மனசு வராமல் நோட்டை டின்னுக்குள் போட்டேன்.

கை வைத்துவிட்டீர்கள் என்று சொன்னது தப்பு. உங்கள் மேல் சந்தேகம் வந்து சொன்னதுகூட இல்லை. எனக்குத் தெரியாததெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருந்ததே என்ற எரிச்சலில் சொன்னது. கேட்டுக்கொண்டிருந்தவர்களும் இதைப் படித்துக்கொள்ளுங்கள்.

நோட்டு, இரும்புத் தராசு, எடைக்கல் எல்லாம் முனை டீக்கடையில் சாக்குப் பையில் கொடுத்து வைக்கிறேன். ஞாயிறு வரை இருக்கும். இரண்டு கிலோ கல் மட்டும் இல்லை, கதவுக்கு முட்டுக் கொடுத்தோமே, தேடிக்கொண்டிருக்கிறேன். பாக்கி வந்தால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எனக்குக் கணக்குக் காட்ட வேண்டாம்.

டிசம்பர் 2 பக்கத்தில் இரண்டு பதினைந்து இன்னும் அடிக்காமல் இருக்கிறது. நான் உங்கள் மேல் போட்ட 61,340இல் அந்த முப்பதும் சேர்ந்திருக்கிறது. நாம் அவர்களுக்குத் தர வேண்டியதை அவர்கள் நமக்குத் தர வேண்டியதாகக் கூட்டி வைத்திருந்தேன். இரண்டும் ஆற்றோரத்து வீடுகள். வெள்ளம் வடிந்த பிறகு அந்த வரிசையிலிருந்து ஊருக்கு வெளியே பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு ஏற்றி அனுப்பினார்களே, அவர்களாகத்தான் இருக்க வேண்டும். எந்த பிளாக் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். முப்பது ரூபாயை நோட்டுக்குள் மடித்து வைத்திருக்கிறேன். போகிறபோது சொல்லுங்கள், இந்தத் தடவை நானும் வருகிறேன்.

தம்பி